கால்களைக் கேட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதல் நொடியிலிருந்து கடைசி வரை பல்லைக் காட்டியே ஆடும் பாட்டு வீடியோக்களை மட்டம் தட்டுகிறவர்கள், வேலூர் - திருவண்ணாமலை தனியார் பஸ்ஸில் அவை ஓடும்போது பயணிகளின் கால்களைக் கவனிக்கட்டும். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். செருப்பு மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கூச்சம் தேவையில்லை. அலுக்காத சிரிப்பு லேசில் வருவதல்ல. நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் 8 கவுண்ட், அதாவது 8 அடி, என்பது 4 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் 96 பிரேம். அடி விழும் பிரேமிலேயே அடுத்த ஷாட்டுக்கு வெட்டினால் ஷாட் மந்தமாகத் தெரியும். ஒன்றிரண்டு பிரேம் முந்தி வெட்டினால்தான் துள்ளும். தாவணி மெதுவாகப் பறக்க, உதடு மட்டும் பாட்டோடு பொருந்துகிறதே, அதற்கு விநாடிக்கு 48 பிரேமில் எடுத்து 24-ல் காட்டுவார்கள். செட்டில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். அந்த ஓட்டத்துக்கு வாயசைத்தபடியே முகத்தில் ஆனந்தமும் காட்ட வேண்டும்!

நம்மூர்க் கல்யாண வீடியோக்காரர்கள் இதே பாணியை வேலூர்க் கோட்டைப் பக்கம் முயலும்போதுதான் சங்கதி புரியும். சாம்பல் நிறக் கருங்கல் மதிலுக்கு முன்னால் மஞ்சள் புடவை பளிச்சென்று எடுக்கும், சரி. ஆனால் கத்திரி வெயிலில் 11 மணிக்கு மேல் கண்குழியில் நிழல் விழும். வெளிச்சத்தை முகத்தில் திருப்பத் தெர்மாகோல் பிடித்தால் நிழல் போய்க் கண் கூசும். சிரிப்பு பல்வலி மாதிரி ஆகிவிடும். காலை 7 மணிக்கே முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஸ்பீக்கர். அதை ஓரமாக வைப்பதுதான் பெரிய தப்பு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி ஆடுகிற தோழிக்கு அடி ஒரு பிரேமுக்கு மேல் பிந்தித்தான் கேட்கும், வரிசை குலையும். ஆடுகிறவர்களில் ஒருவரின் காலை எடிட்டர் தாளத்தோடு சேர்த்தால் மற்றவர் விலகிப்போவார். ஸ்பீக்கரைக் கேமராவுக்குப் பக்கத்தில், வரிசையின் நடுவுக்கு நேராக வையுங்கள். முழங்காலோடு படத்தை வெட்டுவது இன்னொரு கொடுமை. ஆடுவதே கால்தானே?

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் பிடித்துப்போகும் என்பார்கள். பழக்கமே பிடித்தத்தைக் கூட்டும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-லேயே காட்டியதும் உண்மை. ஆனால் அதே பஸ்ஸில் அதே அளவு ஓடியும் எரிச்சலூட்டும் பாட்டுகள் இருக்கின்றனவே! சந்தேகமிருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெட்டு சரியாக விழுந்த பாட்டில் தாளம் அப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

- ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.