தேக்கங்காட்டு இலையுதிர்காலம்

மாப்ளே,

நீ அனுப்பிய வாட்டர்கலர் படத்தைப் போனில் பார்த்தது போதவில்லை, மகளின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்டாரியோ மேப்பிள் காட்டின் தூரத்து மரங்களை ஈரத்தாளில் அப்படியே கரைய விட்டிருக்கிறாய் பார், அது அருமை. சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஆனால் முன்பக்கத் தரையில் ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக வரைந்துவிட்டாய். நாலைந்து இலைக்கு மட்டும் உருவம் கொடுத்து மீதியை வெறும் கறையாக விட்டிருந்தால் பார்க்கிறவன் கண்ணே நிரப்பிக்கொள்ளும். நம் டிராயிங் மாஸ்டர் இருந்திருந்தால் உன் கையிலிருந்து அந்தச் சின்ன பிரஷ்ஷைப் பிடுங்கியிருப்பார்.

இன்னொன்று, வலது மூலையில் வானத்து நீலம் காய்வதற்குள் மஞ்சளைத் தொட்டுவிட்டாய் போல, அங்கே பச்சை பூத்திருக்கிறது. வானம் நன்றாகக் காயட்டும். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் நீலத்தில் செம்பழுப்பு நிற பர்ன்ட் சியன்னா ஒரு துளி சேர்த்துச் சாம்பலாக்கிவிடு, மஞ்சளோடு கலந்தாலும் அந்தப் பச்சை கத்தாது.

இங்கே கொழிஞ்சாம்பாறையில் தொல்லை நேர் எதிர். மார்கழியிலிருந்தே கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து அடிக்கிறது, ஈரத்தில் ஈரம் வைக்கிற வேலையை வெளியில் உட்கார்ந்து செய்யவே முடியாது, ஒரு ஓரத்தில் நிறத்தை ஓட்டிக்கொண்டு மறு ஓரம் போவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதனால் 300 ஜிஎஸ்எம் கனத்த காட்டன் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து ஒரு கண்ணாடிப் பலகைமேல் ஒட்டினாற்போல் படுக்க வைத்துவிடுகிறேன். அடிப்பக்கத்து ஈரம் மேலே ஊறிக்கொண்டே இருப்பதால் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. ஆடி மாதம் இதே தாள் மத்தியானம் வரைக்கும் காயாது, அது வேறு கதை.

அப்புறம், முக்கியமான விஷயம். போன வாரம் பொள்ளாச்சி போய்ப் பரம்பிக்குளம் பஸ்ஸில் ஏறினேன். நம் பாலக்காடு மாவட்டத்துக் காடுதான், ஆனால் ரோடு என்னவோ சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் வர வேண்டும். தேக்கு இலை கொட்டுகிற சமயம். மேப்பிள் மாதிரி எரிகிற சிவப்பு கிடையாது மாப்ளே, உங்கள் ஊரில் பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால்தான் இலை அந்தச் சிவப்பைப் புதிதாக உண்டாக்குகிறது. இங்கே தண்ணீர் இல்லாமல் மரம் இலையைக் கழற்றிவிடுகிறது, பச்சை போனதும் மஞ்சளும் தவிட்டு நிறமும்தான் மிச்சம். முறம் அளவு இலை, விழுந்தால் சத்தம் கேட்கிறது. பல இலைகளைப் புழு அரித்து நரம்பு மட்டும் நிற்கிறது, வெயில் அதன் வழியாகச் சல்லடையாக இறங்குகிறது. அதற்கு பிரஷ்ஷை முக்கால்வாசி துடைத்துவிட்டுச் சொரசொரப்பான தாளில் படுக்க வைத்து இழுத்தால் போதும், இலையின் ஓட்டைகளைத் தாளே விட்டுக்கொடுக்கிறது. அடிமரத்துக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும். அந்த நீலத்தின் துகள் தாளின் குழிகளில் தங்கிப் பட்டை மாதிரியே வருகிறது. இதற்கு மேல் தேக்குக்கு நிறமே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் கல்லறைக்கும் போனேன். வெட்டி அழிந்த தேக்கங்காட்டைத் திரும்ப வளர்த்த காட்டிலாகா ஆள், 1933-இல் இறந்தார், அவர் விரும்பிய காட்டிலேயே புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் நான் வரையவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன் சிவப்புக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு நம் பக்கமும் உண்டு, இலை விழும்போது அல்ல, முளைக்கும்போது. அரச மரத்தைப் பார், இன்னும் கொஞ்ச நாளில் செம்பு நிறத்தில் மினுமினுக்கும். இலுப்பையும் மாவும் அப்படித்தான். தேக்கின் இளம் இலையைக் கசக்கினால் கைகூடச் சிவந்துவிடும். ஒரே காட்டில் ஒரு மரம் மொட்டையாக நிற்கும்போது பக்கத்து மரம் சிவப்பாகத் தளிர்க்கிற காட்சி உன் அக்டோபரில் கிடைக்காது. வீடியோவில் சொல்லித் தருகிற நிறங்களை வைத்து இதை வரையவே முடியாது. நாம் இரண்டு பேரும் இதைத்தான் வரைய வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டில் எல்லோரும் சுகம். இரண்டாம் போக அறுப்பு நெருங்குகிறது. முழங்கால் வலி அப்படியேதான், ஆனாலும் நடக்கிறேன். நீ பங்குனியில் வருவதாகச் சொன்னாயே, தள்ளிப் போடாதே, அதற்கு மேல் போனால் தளிரெல்லாம் பச்சையாகிவிடும். வரும்போது நல்ல காட்டன் தாள் ஒரு கட்டு வாங்கி வா, இங்கே கோயம்புத்தூரில் விலை தாங்கவில்லை. பணம் வந்ததும் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.