நனைந்தாலும் கிழியாத காகிதம்: தயாரிப்பாளர்களுக்கும் தரம் வகுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டிஷ்யூ, சமையலறைப் பேப்பர் டவல், டீ பேக், காபி ஃபில்டர், பேப்பர் ஸ்ட்ரா தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், இவற்றுக்குத் தரம் வகுக்கும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. நீங்கள் விற்கும் காகிதத்தில் ஈர வலிமை தரும் ரெசின், அதாவது நனைந்தாலும் கிழியாமல் காக்கும் பிசின் போன்ற வேதிப்பொருள், சேர்த்திருக்கிறீர்களா, சேர்த்திருந்தால் அது நிரந்தர வகையா தற்காலிக வகையா என்பதை உறையிலேயே அச்சிடுங்கள். உணவோடும் சுடுநீரோடும் சேரும் பொருளாக இருந்தால் சோதனை முடிவையும் வெளியிடுங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்து ஒன்றில் கழிப்பறைத் தாளையும் மற்றதில் பேப்பர் டவலையும் போட்டு, கரண்டியால் கலக்கிப் பாருங்கள். கழிப்பறைத் தாள் கொஞ்ச நேரத்திலேயே நார் நாராகப் பிரிந்து தண்ணீரைக் கலங்க வைத்துவிடும். டவலை வெளியே எடுத்து, பிழிந்து, மறுபடி விரித்து வைக்கலாம். இரண்டும் வெள்ளை, இரண்டும் மென்மை, இரண்டும் செல்லுலோஸ் நார்தான். கையில் எடுத்துப் பார்க்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

காகிதத்தில் நாரையும் நாரையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் இடையில் புகுந்தால் அவை விட்டுவிடும். அதனால்தான் எதுவும் சேர்க்காத காகிதம் நனைந்ததும், உலர்ந்திருந்தபோது இருந்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. நனைந்த பிறகும் 15 சதவீதத்துக்கு மேல் வலிமை மிஞ்சினால் அதை ஈர வலிமைக் காகிதம் என்று சொல்வது தொழில் வழக்கம்.

இந்த ரெசினைக் காகிதத்தின் மேல் பூசுவதில்லை. கூழாக இருக்கும்போதே கலக்கிறீர்கள். நாரில் லேசான எதிர்மின்னேற்றம், ரெசினில் நேர்மின்னேற்றம். அது தானாகப் போய் நாரில் ஒட்டிக்கொள்கிறது. உலர்த்தும் உருளைகளின் சூட்டில் தனக்குள்ளும் நாரோடும் பிணைந்து, தண்ணீரால் அறுக்க முடியாத ஒரு வலையாகிவிடுகிறது. மில்லை விட்டு வெளியே வந்த பிறகும், கிடங்கில் இருக்கும் சுருளுக்குள் சில நாட்கள் இந்த வேலை தொடர்கிறது. இது நீரைத் தடுக்கும் பூச்சு இல்லை என்பதால்தான் டவல் தண்ணீரை நன்றாக உறிஞ்சவும் செய்கிறது, கிழியாமலும் இருக்கிறது. எண்ணெய் ஒட்டாமல் இருக்கச் சில உணவு உறைகளில் சேர்க்கும் ஃப்ளோரின் சேர்மங்களோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு விஷயம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. 1930, 40களில் வந்த யூரியா ஃபார்மால்டிஹைடு, மெலமைன் ஃபார்மால்டிஹைடு ரெசின்கள் இறுக அமிலம் வேண்டும். அந்த அமிலமே காகிதத்தைச் சீக்கிரம் நொறுங்க வைக்கும், ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் வெளியேறும். ஹெர்குலிஸ் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஜெரால்ட் கெய்ம் உருவாக்கி, 1960இல் காப்புரிமை பெற்ற பாலிஅமைடு–எபிகுளோரோஹைட்ரின் ரெசின், அமிலம் இல்லாமலே வேலை செய்தது. இன்றும் பேப்பர் டவலிலும் டீ பேக்கிலும் அந்தக் குடும்பத்து ரெசின்தான் பரவலாக இருக்கிறது. இது நிரந்தர வகை.

சிக்கல், பயன்படுத்தி முடித்த பிறகு தொடங்குகிறது. மறுசுழற்சி ஆலையில் பழைய காகிதத்தைப் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டுச் சுழற்றுவார்கள். சாதாரணக் காகிதம் கூழாகிவிடும். நிரந்தர ரெசின் சேர்த்தது சின்னச் சின்னத் துண்டுகளாக மிதந்துகொண்டே இருக்கும், சல்லடையில் மாட்டி கழிவாகப் போகும். அதையும் கூழாக்க முடியும்தான். ஆனால் சூடு, காரம், பெர்சல்ஃபேட் போன்ற ஆக்சிஜனேற்றி எல்லாம் வேண்டும், நேரமும் கூடுதலாக வேண்டும். இது எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்தால் தனியாகப் பிரிக்கலாம். காகிதம் பிரிக்கும் தொழிலாளி எதைப் பார்த்துப் பிரிப்பார்? கழிவுநீர்க் குழாயிலும் இதே கதைதான். கழிப்பறைத் தாள் தீர்ந்துபோன வீட்டில் டவலைக் கிழித்துக் கழிப்பறையில் போடுபவருக்கு, அது கரையாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

உங்களிடம் வேறு வழியும் இருக்கிறது. கிளையாக்சால் சேர்த்த பாலிஅக்ரிலமைடு போன்ற தற்காலிக ரெசின்கள், நனைந்த சிறிது நேரம் தாங்கிவிட்டு அப்புறம் மெல்ல விட்டுக்கொடுக்கும். கழிப்பறைத் தாளுக்கு இதைப் பயன்படுத்தவும் செய்கிறீர்கள். இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் உறையில் சொல்லாமல் விடுகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது உணவு. எபிகுளோரோஹைட்ரின் என்ற வேதிப்பொருளை வைத்து, மேலே சொன்ன நிரந்தர ரெசினைச் செய்யும்போது 1,3-டைகுளோரோ-2-புரோப்பனால், 3-எம்சிபிடி என்ற இரண்டு துணைப்பொருள்கள் உருவாகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர், உணவைத் தொடும் காகிதத்தை நீரில் ஊற வைத்து எடுத்த சாற்றில் முதலாவதற்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், இரண்டாவதற்கு 12 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. மிக நுண்ணிய அளவுகள் இவை. துணைப்பொருள் குறைந்த புதிய தலைமுறை ரெசின்களும் சந்தையில் உள்ளன. ஆனால் கொதிநீரில் நிமிடக்கணக்கில் ஊறும் டீ பேக்கும், வாயிலேயே இருக்கும் ஸ்ட்ராவும், கை துடைத்து எறியும் டவலும் ஒன்றாகிவிடாது. சோதனை செய்கிறீர்கள் என்றால் அந்த எண்ணை மறைக்கக் காரணமே இல்லை. செய்யவில்லை என்றால் உடனே செய்ய வேண்டும்.

தொழில் ரகசியம் என்று சொல்வீர்கள். ரெசினை யாரிடம் வாங்குகிறீர்கள், எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வகை என்ன என்றுதான் கேட்கிறேன். இடமில்லை என்றும் சொல்லக்கூடும்; பூவும் இலையும் அச்சிட்டிருக்கும் உறையில் ஒரு வரிக்கு இடம் நிச்சயம் கிடைக்கும்.

தரம் வகுக்கும் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். இதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இரண்டு சின்னங்கள் போதும்: நீரில் கரைந்து பிரியும், பிரியாது. எந்த நீரில், எவ்வளவு நேரம் கலக்கிப் பார்த்து அந்தச் சின்னத்தைத் தருவது என்ற சோதனை முறையையும் நீங்களே வகுத்துத் தாருங்கள். அதில் மறுசுழற்சி ஆலைக்காரர்களையும் கழிவுநீர்த் துறையில் வேலை செய்பவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அடைப்பை எடுப்பவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
தினமும் காகிதம் பயன்படுத்தும் ஒருவர்