ஆம்ப்ளிஃபையர் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து கேட்டால் தவில் ஒரே குமுறலாக இருக்கிறது, அறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேஸே காணோம் என்றாய். 35 ஆயிரத்துக்கு வேறு ஆம்ப்ளிஃபையர் பார்த்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னாய். இப்போது வாங்காதே. கோளாறு உன் அறையில் இருக்கிறது.

நான் மைக் செட் போட ஆரம்பித்த புதிதில் ஒரு கல்யாண மண்டபம். விடிகாலையில் காலி ஹாலில் பாட்டுப் போட்டால் ஒரு வார்த்தை புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. முகூர்த்த நேரத்தில் ஜனம் நிறைந்ததும், நான் எதையும் தொடாமலே எல்லாம் தெளிந்துவிட்டது. அத்தனை ஆட்களும் துணிமணியும் சேர்ந்து எதிரொலியைக் குடித்துவிட்டார்கள். இதையே 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபீன் என்ற இயற்பியலாளர் அளந்து பார்த்திருக்கிறார் என்று ரொம்பப் பின்னால்தான் படித்தேன். ராத்திரியில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து ஹாலில் பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை நொடி என்று பார்த்தாராம். காலி ஹாலில் ஐந்தரை நொடி. படித்ததும் எனக்கு அந்த மண்டபம்தான் கண்ணில் வந்தது.

உன் அறை 10க்கு 10, உயரமும் 10 அடி. இதைவிடக் கெட்ட அளவு கிடையாது. 10 அடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, அடங்காமல் நின்றுகொண்டே இருக்கும். உனக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் அந்த ஒரே சுருதியில் சேர்கின்றன. சுவரோரம் அது பொங்கும், நட்டநடுவில் செத்துவிடும். நீ சொன்ன இரண்டு குறையும் இந்த ஒன்றுதான்.

அதனால் முதலில் காசு செலவில்லாத வேலை. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூணேமுக்கால் அடி தள்ளிப் போடு. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு பக்கச் சுவருக்கும் ஒரே தூரம் வை. தெரிந்த பாட்டு ஒன்றையே போட்டு, அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போகட்டும், பரவாயில்லை.

அப்புறம் கைதட்டிப் பார். டர்ர் என்று உதறினால் எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. நீ உட்கார்ந்துகொள், தோழியை ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தச் சொல். எந்த இடத்தில் அதில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒலியைக் குடிக்கும் பேனல் வேண்டும். முட்டை அட்டை, மெல்லிய ஃபோம் எல்லாம் வேண்டாம். அவை கீச்சொலியை மட்டும் தின்றுவிட்டுக் குமுறலை அப்படியே விட்டுவிடும். 2 அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), ரீப்பர் சட்டம், மேலே காடாத் துணி. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், அதுதான் கணக்கு. ரெக்ஸின் ஆகாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்காதே, சுவரிலிருந்து 2 அங்குலம் விட்டுக் கால் வைத்து நிறுத்தினால் போதும்.

ராக்வூலை நீ தொடாதே, தோலெல்லாம் அரிக்கும். நானே கையுறையும் மாஸ்க்கும் போட்டு இங்கே செய்கிறேன். அம்மா ஈரோட்டுச் சந்தையில் காடா எடுத்துவிட்டாள். பாட்டியின் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளும் பரணில் இருக்கின்றன, சுருட்டி மூலைக்கு ஒன்றாக நிறுத்தினால் கொஞ்சம் தணியும்.

கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று சொல்லு. உறை தைக்க அம்மா அளவு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அப்பா