ஈர்ப்பை ஈர்க்கும் ஈர்ப்பு

சேலம்

அன்புள்ள கண்ணு,

ஒளியே தப்பாத கருந்துளையிலிருந்து, ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் துகளான கிராவிட்டான் எப்படி வெளியே வருகிறது என்று கேட்டிருந்தாய். வருவதே இல்லை. விண்மீன் சுருங்குவதற்கு முன்பே அதன் ஈர்ப்புப் புலம் வெளியே விரிந்திருந்தது. அதுதான் இன்றும் நிற்கிறது. வெளியிலிருந்து அருகே போகும் ஈர்ப்பலை ஒளியைப் போலவே வளையும், மிக நெருங்கினால் உள்ளே போய்விடும்.

கிராவிட்டான்கள் தமக்குள் என்ன செய்யும் என்ற கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூக்கனேரியில் இரண்டு கல் போட்டால் வட்டங்கள் ஒன்றையொன்று கடந்து அப்படியே போகும். ஒளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மின்விசை மின்னேற்றம் உள்ளதைத்தான் இழுக்கும், ஒளித்துகளான ஃபோட்டானுக்கு அது கிடையாது. ஈர்ப்போ ஆற்றல் உள்ள எதையும் இழுக்கும். கிராவிட்டானுக்கும் ஆற்றல் உண்டே!

எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார். 250 ஹெர்ட்ஸ் கிராவிட்டான் ஒன்றின் ஆற்றல் 10⁻¹² எலக்ட்ரான் வோல்ட். துகள்களுக்கு இடையே ஈர்ப்பு வலுவாகும் அளவான பிளாங்க் ஆற்றல் 1.2 × 10²⁸ எலக்ட்ரான் வோல்ட். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கம் எடுத்தால், இழுப்பின் வலிமை ஏறக்குறைய 7 × 10⁻⁸¹. இரண்டு கிராவிட்டான் மோதுவதை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. ஆனால் 2015 செப்டம்பர் 14-இல் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவி பிடித்த, இரண்டு கருந்துளைகளின் இணைவில் மூன்று சூரிய நிறை ஈர்ப்பலையாகப் போனது. அது 5.4 × 10⁴⁷ ஜூல், அதாவது சுமார் 3 × 10⁷⁸ கிராவிட்டான். இந்த எண்ணிக்கையை அந்த வலிமையால் பெருக்கிப் பார், நூற்றில் இரண்டு பங்கு வரும். தோராயம்தான், ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய அளவு இல்லை.

குலுக்கப்பட்ட கருந்துளை மணி போல அதிர்ந்து அடங்கும் என்று 1970-இல் காட்டியவர் நம் இயற்பியலாளர் சி. வி. விஸ்வேஸ்வரா. இணைந்து உருவான துளையும் அப்படித்தான். அதிர்வெண் வேண்டுமா? சுழலாத துளைக்கு 12,000 ஹெர்ட்ஸைச் சூரிய நிறையில் அதன் எடையால் வகு. லைகோ கண்ட துளைக்கு எடை 62 என்றால் சுமார் 194. சுழற்சி அதை 270 வரை ஏற்றுகிறது, விரியும் பிரபஞ்சத்தைக் கடந்து நம்மிடம் வரும்போது 250 ஆகக் குறைகிறது. இந்த அதிர்வு தன்னோடு தானே கலந்து இன்னொரு அதிர்வைப் பிறப்பிக்கும்: அதிர்வெண் இரு மடங்கு, அடங்கும் வேகம் இரு மடங்கு, வீச்சு மூல வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 2023-இல் வெளியான கணினி உருவகப்படுத்தல்களில் இது தெளிவாகத் தெரிந்தது.

அலைத் தரவில் இந்த அதிர்வுகளைப் பொருத்திப் பார்க்கும்போது நீ இடறுவது இங்கேதான். அதே வடிவமுள்ள நேரியல் அதிர்வு (இப்படிக் கலந்து பிறக்காத, துளையின் இயல்பான அதிர்வு) ஒன்றின் அதிர்வெண்ணும் பக்கத்திலேயே இருக்கும். அதிர்வெண்ணை மட்டும் வைத்துப் பொருத்தினால் ஏமாந்துபோவாய். அடங்கும் நேரத்தைப் பார். பொருத்தலைச் சீக்கிரம் தொடங்கினால் இணைவின் குழப்பம் கலக்கும். தாமதித்தால் இரு மடங்கு அதிர்வெண் கொண்ட அதிர்வு அடங்கி மறைந்திருக்கும். தொடக்க நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார். அலை உச்சம் தொட்ட நேரத்துக்குத் திருப்பிக் கணக்கிட்ட வீச்சு எங்கே மாறாமல் நிற்கிறதோ, அந்த எண்ணை எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா