ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணனிடம் பேசு

நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி

அன்பு நண்பா,

இங்கு எல்லோரும் நலம். மாமியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. லெனேசியாவில் நீ புரட்டாசி விரதம் இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். உன் அம்மா சொல்லிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள புல்தரையை எடுத்துவிட்டு, கார் நிறுத்தக் கல் பாவ வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு கிளம்பியிருக்கிறது. "புல் செத்துவிட்டது, தண்ணீர் ஊற்றுவதே வீண்" என்கிறார்கள். வரும் ஞாயிறு முடிவெடுப்பார்களாம். நீ பந்து வீசிய தரை, நெட்டையன் முன்பல்லைப் பறிகொடுத்த தரை! எனக்கு மனம் ஆறவில்லை.

புல் சாகவில்லை. மண்வெட்டியால் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். மேற்பரப்புக்குக் கீழே காய்ந்த தண்டும் வேரும் பின்னி மூன்று விரல் கனத்துக்குக் கிடக்கின்றன. முந்தின இரவு மழை பெய்திருந்தும் அதற்கடியில் மண் பொடியாக உதிர்ந்தது. கிக்குயூ புல்லின் இயல்பு அது. தரைமேலும் மண்ணுக்குள்ளும் தண்டு விட்டுப் பரவும், பழைய தண்டுகளோ எளிதில் மட்காது. மண்ணில் அமிலம் ஏறிப் புளித்திருந்தால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, பச்சை தெரிய வேண்டும் என்று வருடா வருடம் எல்.ஏ.என். என்ற நைட்ரஜன் உரத்தை அள்ளி வீசியிருக்கிறார்கள். இந்த அடுக்கு 1 சென்டிமீட்டர் இருந்தால் நல்லதுதான், ஈரத்தைக் காக்கும். அளவு மீறினால் நீர் மண்ணுக்கு இறங்காது, வேரும் மேலேயே தங்கிவிடும்.

செயலாளரிடம் கேட்டு, வாடகைக்கு ஒரு கீறும் இயந்திரம் எடுத்து, வடக்குப் பாதியை மட்டும் சரிசெய்தோம். முதலில் புல்லை ஒட்ட வெட்டினோம். பிறகு நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை ஓட்டினோம். செங்குத்தாகச் சுழலும் கத்திகள் வாரிப்போட்ட சருகை நீ பார்த்திருக்க வேண்டும், குவியல் குவியலாக! வாரிக் கொட்டி, மெல்லிதாக மண் தூவி, நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்த 2:3:2 உரம் போட்டு நீர் விட்டிருக்கிறோம். இப்போது அந்தப் பாதி மொட்டையடித்த தலை போல் இருக்கிறது. அதைக் காட்டித்தான் "இருந்ததையும் கெடுத்துவிட்டான்" என்கிறார்கள். குளிர் விலகி வெயில் ஏறும் இந்த நேரத்தில் கிக்குயூ சில வாரங்களில் மூடிவிடும். மண்ணுக்குள் தண்டுகள் வெள்ளையாக உயிரோடு இருப்பதை என் கையால் தோண்டிப் பார்த்தேன். ஹடீடாப் பறவைகள்கூட வந்து அலகால் குத்திப் புழு தேடுகின்றன.

தெற்குச் சுவரோரப் பாசியையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். நம் நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் அங்கு குளிர்காலம் முழுக்க நிழல். மாமரம் வேறு மூடுகிறது. நடந்து நடந்து மண்ணும் இறுகிவிட்டது. புல் நலிந்த இடத்தில் பாசி குடியேறியது, பாசி புல்லைக் கொல்லவில்லை. வெறுமனே சுரண்டினால் திரும்ப வரும். கிளையைக் கழித்து, தோட்டத்து முள்கரண்டியால் மண்ணில் துளையிட்டு, நிழல் தாங்கும் எல்.எம். என்ற புல்வகையை நடலாம். அதற்கு மண்ணுக்கடியில் தண்டு கிடையாது. கத்தி கீறினால் மீண்டு வராது; அதனால் அங்கே மட்டும் இயந்திரத்தை விடக் கூடாது.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்து இங்கு வந்த நம் அப்பாக்கள், பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று அந்த மேட்டைத் தம் கையால் சமன்செய்தார்கள். கல் பாவிவிட்டால் அது போனதுதான். கோடை இடிமழை தண்ணீரெல்லாம் மண்டபத்துக்குள் வரும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

குழுவில் உன் அண்ணன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. புல்தரையைக் காப்பாற்று என்றுகூடக் கேட்க வேண்டாம்; தீபாவளிவரை முடிவைத் தள்ளிவைக்கச் சொல், போதும். இரவு எட்டு மணிக்குமேல் தொலைபேசியில் கூப்பிடு. அதற்கு முன் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், எதைக் கேட்டாலும் முடியாது என்பார்.

உன்,
பழைய விக்கெட் கீப்பர்