மறுபடி நிறுவும் முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் திரை 1024×768 புள்ளிகளைத் தாண்ட மறுக்கிறது, பழைய அமைப்பை எங்கிருந்து எடுப்பது என்று கேட்ட வாசகருக்கு உங்கள் கணினிப் பகுதியில் வந்த பதிலைப் படித்தேன். திரை அமைப்பைக் கையால் எழுதிவைக்கும் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பைத் திருத்துங்கள், சரியாகாவிட்டால் இயங்குதளத்தை மறுபடி நிறுவுங்கள் என்று இருந்தது. முதல் யோசனைக்கு வயதாகிவிட்டது. இரண்டாவது, வேண்டாத வேலை.

நான் பக்க வடிவமைப்பு செய்பவள். இரண்டு மானிட்டர்கள் வைத்திருக்கிறேன். முழுப் பக்கமும் தெரியவேண்டும் என்பதற்காக ஒன்றை நெட்டுக்குத்தாகத் திருப்பியிருக்கிறேன். இப்படி வேலை செய்கிறவர்களுக்கு, திரை அமைப்பு எந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் முடியாது.

எக்ஸ்ஆர்க்.கான்ஃப் இன்று பெரும்பாலான கணினிகளில் இருக்கவே இருக்காது. தேவைப்படாததால் யாரும் அதை உருவாக்குவதில்லை. தயாரித்த நிறுவனம், மாடல், தாங்கக்கூடிய ரெசல்யூஷன்கள் ஆகியவற்றை மானிட்டரே 128 பைட் அல்லது அதன் மடங்கு அளவுள்ள ஒரு தகவல் தொகுப்பாக வைத்திருக்கிறது. ஈடிஐடி என்பார்கள். கேபிளைச் செருகியதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அது கிடைக்காதபோது, எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 1024×768-க்கு இறங்கி நிற்கிறது. உங்கள் வாசகர் சொன்ன எண்ணும் அதேதான்! அவருடைய அமைப்பு தொலைந்திருக்க வேண்டியதில்லை. மானிட்டரும் கணினியும் பேசிக்கொள்ளாமல் இருக்கலாம். பழுதான கேபிள், மலிவான அடாப்டர், இரண்டு கணினிகளுக்கு ஒரே திரையைப் பங்கிடும் ஸ்விட்ச் இவற்றில் ஏதாவது குறுக்கே நின்றால் இப்படி ஆகும். எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் கேபிள் அதே கேபிள்தானே.

சோதிப்பது எளிது. சிஸ் என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்) கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால், கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1 என்பதுபோல ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அடைவு இருக்கும் (கார்டு எண் கணினிக்குக் கணினி மாறும்). ஒவ்வொன்றிலும் ஈடிஐடி என்றொரு கோப்பு உண்டு. டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அதன் அளவை 0 என்றே காட்டும். அதை நம்பவேண்டாம், உள்ளே விஷயம் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். டபிள்யூசி கட்டளையால் பைட்டுகளை எண்ணிப் பாருங்கள். 128 அல்லது 256 போல அதன் மடங்கு வந்தால் மானிட்டர் பேசியிருக்கிறது. அந்தக் கோப்பை அப்படியே பிரதி எடுத்து, ஈடிஐடி-டீகோட் என்ற கருவியிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் படிக்கும்படி விரித்துத் தரும். திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் இணைப்பில் 0 வந்தால், முதலில் கேபிளை மாற்றுங்கள்.

சரி, மானிட்டர் ஒழுங்காகப் பேசுகிறது, பழைய அமைப்பைத்தான் எடுக்கவேண்டும் என்றால், முதலில் கேட்கவேண்டியது ஒன்று: ஓடிக்கொண்டிருப்பது எக்ஸ்11 அமர்வா, வேலண்ட் அமர்வா? (திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் பழைய முறை எக்ஸ்11, புதியது வேலண்ட்.) எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற மாறியின் மதிப்பை எக்கோ கட்டளையால் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். எக்ஸ்11 என்றால் எக்ஸ்ரேண்டர் கட்டளை போதும். இப்போதைய ரெசல்யூஷனுக்கு நட்சத்திரமும் மானிட்டர் விரும்புவதற்குக் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும். வேலண்டில் அதே கட்டளை ஓடத்தான் செய்யும், ஆனால் அது பேசுவது பழைய நிரல்களுக்காக நடுவில் நிற்கும் எக்ஸ்வேலண்டிடம். அங்கே கிடைக்கும் விவரத்தை வைத்துக்கொண்டு எதையும் மாற்ற முடியாது. பழைய குறிப்புகளைப் பார்த்து முயல்கிறவர்கள் பலர் சிக்குவது இங்கேதான்.

நாம் செய்த தேர்வுகளை நோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ போன்ற டெஸ்க்டாப் மென்பொருள்தான் சேமிக்கிறது. நோம் பயன்படுத்துகிறவர்களுக்கு, வீட்டு அடைவில் மறைந்திருக்கும் .கான்ஃபிக் அடைவிலுள்ள மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல். எக்ஸ்எஃப்சிஇ-க்கு டிஸ்ப்ளேஸ்.எக்ஸ்எம்எல். கேடிஇ தன் பங்குக்குப் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாற்றியிருக்கிறது. கேஸ்கிரீன்-டாக்டர் என்ற கட்டளையிடம் கேட்பது உத்தமம். நோம் கோப்பில் ஒரு நுணுக்கம்: மானிட்டரின் பெயரோடு எந்தத் துளையில் செருகினோம் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. எச்டிஎம்ஐ-1-லிருந்து எச்டிஎம்ஐ-2-க்கு மாற்றிச் செருகினால், கோப்பு பத்திரமாக இருந்தும் பொருந்தாது. அப்புறம், உள்நுழைவுத் திரை நம் பெயரில் ஓடுவதில்லை, நம் கோப்பைப் பார்ப்பதும் இல்லை. என் நெட்டுக்குத்து மானிட்டர் கடவுச்சொல் கேட்கும்போது மட்டும் படுத்துக் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

உதவி கேட்டு இந்தக் கோப்புகளை யாருக்காவது அனுப்பினால் மானிட்டரின் வரிசை எண்ணை நீக்கிவிடுங்கள். ஈடிஐடி கோப்பிலும் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பிலும் அது இருக்கலாம்.

அடுத்த வாரப் பகுதியில் அந்த வாசகருக்குத் திருத்தமான பதிலை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய பதில்களில் இது எக்ஸ்11-க்கா வேலண்டுக்கா, எந்த டெஸ்க்டாப்புக்கு என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. அவர் இன்னும் மறுபடி நிறுவாமல் இருந்தால், .கான்ஃபிக் அடைவை முதலில் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி