மூன்றாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். மூன்றாம் தவணை முடிகிறது. சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாணி விழா எல்லாம் வழமைபோல நடந்தேறின. போட்டிகளுக்குப் போன பிள்ளைகளும் குறைவைக்கவில்லை. மழைக்குக் குளக்கட்டுப் பாதை மூடுண்ட நாட்களைத் தவிர வரவும் பரவாயில்லை. முன்னேற்ற அறிக்கையை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்தில் பதினொரு பேர் பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்ற விடுகைப்பத்திரம் கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்பது பிள்ளைகள் தரம் 6க்குப் போகிறவர்கள். எல்லோரும் கிளிநொச்சி நகரத்துக்குத்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த இரண்டு பிள்ளைகளையும் சந்தோசமாக அனுப்புகிறேன். மற்ற ஏழு வீடுகளும் ஏன் என்பதுதான் என் கேள்வி.

கணிதத்துக்கு இரண்டு தவணையாக ஆசிரியர் இல்லை என்றீர்கள். உண்மை. உங்களைவிட எனக்கு அதில் கோபம். இப்போது ஒருவர் வந்துவிட்டார். அவரை இங்கே வைத்திருப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. ஆசிரியர் ஆளணியை மாணவர் தொகையைப் பார்த்தே கணிக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியரும் குறைவார். ஆசிரியர் இல்லை என்று அடுத்த வீட்டுப் பிள்ளையும் நகரத்துக்கு வான் ஏறும். வேலிக் கதியாலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, மாடு உள்ளே வந்துவிட்டது என்று கத்திப் பயனில்லை.

வானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தே முக்காலுக்கு, இருட்டோடு, சாப்பிடாமல் ஏறுகிற பிள்ளை திரும்பி வர மூன்று மணி. பின்னேர வகுப்பும் இருந்தால் ஆறு. வான் காசைச் சிலர் நகை அடகு வைத்துக் கட்டுவதும் எனக்குத் தெரியும். நம் பாடசாலை ஏழரைக்கு. பாதிப் பிள்ளைகள் நடந்தே வரலாம்.

தரம் 1க்கு நகரத்தில் இடம் தேடுகிறவர்களுக்கும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளை இங்கே படுத்தெழும்ப, நகரத்தில் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுக்கும் வேலை வேண்டாம். தரம் 1 அனுமதியில் 50 வீத இடங்களை அருகில் வசிப்போருக்கு ஒதுக்கியிருப்பது சும்மா அல்ல. அந்த விலாசத்தில் உண்மையாக இருக்கிற ஒரு பிள்ளையின் கதிரையைத்தான் பொய்க் கடிதம் பறிக்கிறது. அப்படியான கடிதத்துக்கு என் கையெழுத்து விழாது. எனக்கு உறவாக இருந்தாலும் இதுதான் பதில்.

உண்மையாக இடம் மாறுகிறவர்களுக்கு விடுகைப்பத்திரம் அன்றைக்கே கிடைக்கும். அது உங்கள் உரிமை.

மீளக்குடியமர்ந்த 2010இல் இதே வளவில் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்தவர்கள் சிலர் இன்று பெற்றோராக என் முன் நிற்கிறீர்கள். அந்த நாளில் கிணறு இறைத்ததும் தகரம் அடித்ததும் உங்கள் அப்பாமார்தான். இன்றைக்கும் மதியச் சாப்பாடு சமைக்க விடிய வந்து நிற்கிற அம்மாமாரையும், வெள்ளத்துக்குப் பிறகு வேலியைத் திரும்ப நிறுத்தித் தந்த அபிவிருத்திச் சங்கத்தாரையும் நினைத்தால், இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க வேண்டாமோ என்றும் தோன்றுகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

விண்ணப்பித்தவர்கள் விடுமுறை விடுவதற்கு முன் ஒருதரம் வந்து கதையுங்கள். மறித்து வைக்க மாட்டேன். தேத்தண்ணி உண்டு.

இப்படிக்கு,
அதிபர்